சொன்னது போய்ச் சேர்ந்ததா? டெல்டா வார்டுகளில் செவிலியர் பேச்சுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் 'மருந்து' என்றால் மாத்திரை. வயலில் அடிப்பதும் மருந்துதான். 'மருந்து குடிச்சுட்டான்' என்று கதறியபடி ஒருவரை ஆட்டோவிலிருந்து இறக்கினால் அது பூச்சிக்கொல்லி. குறுவைப் பயிருக்குத் தெளிக்கும் நாட்களில் வாந்தியும் வியர்வையுமாக வந்து உட்காருபவரிடம் 'மருந்து ஏதும் எடுத்தீங்களா?' என்று கேட்டால் 'இல்லம்மா' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு நின்றவர், நீங்கள் மாத்திரையைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டார். 'இன்னைக்கு வயல்ல மருந்து அடிச்சீங்களா? எத்தனை மணிக்கு? டப்பா வீட்ல இருக்கா, யாரையாவது எடுத்தாரச் சொல்லுங்க' என்று கேட்டிருந்தால் நோயின் பாதி அங்கேயே தெரிந்திருக்கும்.

ஊசி போடுவதற்கு ஒரு முறை இருப்பதுபோல் பேசுவதற்கும் உண்டு. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு என்று பார்த்துப் போடுகிறோம், போட்ட பிறகும் கவனிக்கிறோம். சொல்லையும் அப்படித்தான் கையாள வேண்டும். நீங்கள் சொன்னதை எதிரில் இருப்பவர் தன் வாயால் திரும்பச் சொல்லும் வரை அது சொன்ன கணக்கில் சேராது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

முதல் படி: படுக்கை அருகே முதல் இரண்டு நிமிடம்

நின்றபடி கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்காதீர்கள். நோயாளியின் கண் மட்டத்துக்கு வாருங்கள். ஸ்டூல் இருந்தால் உட்காருங்கள். 'வணக்கம்மா, என் பேரு இது, சாயங்காலம் வரைக்கும் உங்கள நான்தான் பாத்துக்கப் போறேன்' என்பது போதும். அடுத்து முறைப்பெயர். வயதான ஆணை 'ஐயா' என்றும் பெண்ணை 'அம்மா' என்றும் அழைத்தால் யார் மனமும் நோகாது. 'பாட்டி', 'தாத்தா' என்று நாமாகத் தொடங்க வேண்டாம். ஐம்பத்தைந்து வயதில் நாற்று நடப் போகிற பெண்ணைப் பாட்டி என்றால் அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கலாம். 'இந்தாப்பா', 'ஏம்மா இங்க வா' என்ற ஒருமைத் தொனி யாரிடமும் கூடாது. உடுத்தியிருக்கும் துணியைப் பார்த்து மரியாதையைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தத் தொழிலுக்குப் பெரிய கறை. எதிர்ப் படுக்கையில் இருப்பவர்கள் அதைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆளைச் சரிபார்க்கும்போது பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். 'நீங்க செல்விதானே?' என்றால் அரைத்தூக்கத்தில் இருக்கும் யாரும் 'ம்' என்பார்கள். 'உங்க பேரு என்னம்மா? வயசு? எந்த ஊரு?' என்று கேட்டு, உள்நோயாளி எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே வார்டில் மூன்று செல்விகள் இருப்பது இங்கே புதிதல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள மூத்த பெண்கள் பலர் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். 'வீட்டுக்காரர் பேரு என்ன?' என்று அதட்ட அதட்ட அவர் தலைகுனிந்து நிற்பார். விவரம் தெரியாதவர் என்று நாம் எழுதிவிடுவோம். ஆதார் அட்டையையோ குடும்ப அட்டையையோ வாங்கிப் பாருங்கள், அல்லது கூட வந்த பிள்ளையிடம் கேளுங்கள்.

இரண்டாம் படி: நோயாளியின் சொல்லை அப்படியே வாங்குவது

வலிக்குத் தமிழில் இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, சுளுக்கு, 'விண்விண்ணு தெறிக்குது', 'சுருக்குன்னு இழுக்குது' என எதுவும் இன்னொன்றுக்குப் பதிலாகாது. விண்விண் என்றால் சீழ் கட்டியிருக்கலாம். இருந்திருந்து பிடித்துப் பிடித்து விடுகிற வலி குடலையோ சிறுநீர்க் குழாயையோ காட்டலாம். நீங்கள் கேஸ் ஷீட்டில் 'வலி உள்ளது' என்று எழுதினால் அந்தக் குறிப்பு முழுக்கத் தொலைந்துபோகிறது. அவர் சொன்ன சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள்.

மூன்று சொற்றொடர்களைக் கேட்டால் மட்டும் காதைக் கூராக்கிக்கொள்ளுங்கள்.

'வாயு புடிச்சுக்கிச்சு', 'நெஞ்சு கரிக்குது'. நாற்பது வயதைத் தாண்டியவர் சொன்னால், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர் சொன்னால், ஓமத் தண்ணீரைப் பற்றிப் பேசாதீர்கள். 'வேர்க்குதா? தாடைக்கோ இடது கைக்கோ பரவுதா? நடந்தா கூடுதா?' என்று கேட்டுக்கொண்டே பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுமுட்டலாகவோ வாந்தியாகவோ வரலாம்.

'ஏதோ பூச்சி கடிச்சிருச்சு'. இருட்டில் பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது, பூச்சி என்பார்கள். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு வந்து, இமையைத் தூக்க முடியவில்லை என்றால் கட்டுவிரியனை நினையுங்கள். அதன் கடி வலிக்காது, வீங்காது, பல் பட்ட தடமே தெரியாமலும் போகலாம். 'ராத்திரி எங்க படுத்தீங்க? பாயிலயா, கட்டில்லயா? முழிப்பு வந்தப்ப என்ன செஞ்சிச்சு?' என்று கேளுங்கள். 'பாம்பு கடிச்சிதா' என்று நேரடியாகக் கேட்டால் பார்க்காதவர் இல்லை என்றுதான் சொல்வார். கடித்த நேரம், கட்டு போட்ட நேரம், கட்டை அவிழ்த்தார்களா, வழியில் யாராவது கீறினார்களா என்பதை எண்களோடு எழுதுங்கள். இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனைக்கு 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைக்கிறோம். அந்த இருபது நிமிடமும் குடும்பத்துக்கு நாம் சும்மா நிற்பதாகத்தான் தெரியும். 'ரத்தம் உறையுதான்னு பாக்குறோம், இருபது நிமிஷம் ஆகும், அதையும் வச்சுத்தான் விஷமுறிவு ஊசிய முடிவு பண்ணுவாங்க' என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் வாசலில் எழும் கூச்சல் பாதியாகிவிடும். விஷமுறிவு ஊசி ஏறும்போது 'அரிச்சாலோ, குளிர் எடுத்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே கூப்பிடுங்க' என்று நோயாளியிடமும் துணைக்கு இருப்பவரிடமும் சொல்லி, இருவரையும் திரும்பச் சொல்ல வையுங்கள்.

மூன்றாவது, தொடக்கத்தில் சொன்ன 'மருந்து'.

வலியின் அளவை 'பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு' என்று கேட்கும் முறை படித்த இளைஞருக்குச் சரி. நிலத்தில் உழைத்த முதியவர் சிரித்துவிட்டு ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார். ஊசி போட்ட அரை மணி கழித்து 'முன்ன இருந்ததுக்கு இப்ப எவ்ளோ தேவலாம்? பாதியா, முக்காலா?' என்று கேளுங்கள். அதற்குத் துல்லியமாகப் பதில் வரும். 'கொஞ்சம் தேவல' என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னால் வலி குறையவில்லை என்றே பொருள்; நமக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று சொல்கிறார்.

மூன்றாம் படி: கூட இருப்பவர்களிடம் பேசுவது

ஒரு நோயாளியோடு ஆறு பேர் வருவார்கள். ஆறு பேரும் தனித்தனியாகக் கேட்பார்கள். ஆறு பேருக்கும் பதில் சொன்னால் ஆறு கதைகள் ஊருக்குப் போகும். சேர்க்கும்போதே நோயாளியைக் கேளுங்கள்: 'உங்க விவரத்த யார்கிட்ட சொல்லணும்?' அவர் காட்டும் ஒருவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மற்றவர்கள் கேட்டால் 'பெரிய மகன்கிட்ட டாக்டர் சொல்லியிருக்காரு, அவரக் கேளுங்க' என்று அனுப்பலாம். மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு கைபேசியில் கேட்கும் குடும்பங்கள் டெல்டாவில் நிறைய. அழைப்பில் இருப்பது யார் என்று உறுதி செய்யாமல் நோய் விவரம் பேசக் கூடாது. வாட்ஸ்அப்பில் கேஸ் ஷீட்டைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னால் மறுத்து, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எச்.ஐ.வி. விவரத்துக்குத் தனி எச்சரிக்கை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அவர் சம்மதமின்றி அந்த நிலையை வெளியிடக் கூடாது. படுக்கைத் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதுவதும், ஆயாம்மாவிடம் 'அந்த பெட்ட கவனமா தொடு' என்பதும் வெளியிடுவதுதான். கையுறை எல்லாருக்கும் ஒன்றே.

பூச்சிக்கொல்லி குடித்தவருக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து ஏறும்போது குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பல இடங்களில் இது விட்டுப்போகிறது. வாய் உலரும், முகம் சிவக்கும், பார்வை மங்கும், சிலர் பிதற்றுவார்கள், கையால் காற்றில் எதையோ பறிப்பார்கள். சொல்லாமல் விட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரை ஊசி போட்டுப் பைத்தியமாக்கிவிட்டதாக நினைப்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, 'தண்ணி தண்ணின்னு கேக்குறாம்மா' என்று இரக்கப்பட்டு யாரோ ஒருவர் வாயில் ஊற்றுவது. அது நுரையீரலுக்குள் போய்விடும். 'மருந்தோட வேலையால நாக்கு வறண்டு தண்ணி கேப்பாரு. குடுக்காதீங்க. ஈரத்துணியால உதட்ட மட்டும் தொடைங்க' என்று செய்து காட்டுங்கள்.

அவரே பேசும் நிலைக்கு வந்ததும் 'ஏன் இப்படிப் பண்ணினே? பிள்ளைங்கள நெனச்சியா?' என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கேட்காதீர்கள். 'ரொம்பப் பாரமா இருந்திருக்கு போல. பேசணும்னு தோணினா நான் இங்கதான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று தனியாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. கேஸ் எழுதிப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்துகிடப்பவருக்கு இதைச் சொல்வதே ஒரு மருந்து. வீட்டுக்குப் போகும்போது 14416, 104 ஆகிய இரண்டு உதவி எண்களையும் எழுதிக் கொடுங்கள்.

நான்காம் படி: மருத்துவரை இரவில் அழைப்பது

இங்கேதான் அதிகம் தவறுகிறது. காரணம் அறிவுக் குறைவு இல்லை, தயக்கம். அறுவைப் பிரசவம் முடிந்து ஆறு மணி நேரமான தாய்க்கு ரத்தம் போகிறது. அழைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'சார், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க சார், ஏழாவது பெட்டுக்கு பிளீடிங் கொஞ்சம் அதிகமா இருக்கிற மாதிரி இருக்கு சார்.' தூக்கத்திலிருந்து எழுந்தவர் காதில் 'கொஞ்சம்', 'மாதிரி' என்ற இரண்டு சொற்கள்தான் விழும். 'பாத்துக்கோங்க' என்று வைத்துவிடுவார்.

எஸ்.பி.ஏ.ஆர். என்ற முறை அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்று நான்கு துண்டு. அழைக்கும் முன் ஒரு நிமிடம் எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட் கையில் இருக்கட்டும். பிறகு இப்படி:

'மேடம், பிரசவத்துக்குப் பிந்தைய வார்டிலேர்ந்து டியூட்டி சிஸ்டர் பேசறேன். ஏழாவது பெட் தாய்க்கு ரத்தப்போக்கு. அரை மணியில ரெண்டு பேட் முழுசா நனைஞ்சிருச்சு. சிசேரியன் முடிஞ்சு ஆறு மணி நேரம், முன்னாடி ஹீமோகுளோபின் 8.6. அப்ப பி.பி. 110/70, பல்ஸ் 84. இப்ப பி.பி. 90/60, பல்ஸ் 124. கருப்பை தளர்ந்து தொப்புளுக்கு மேல இருக்கு. போன ஒரு மணியில யூரின் 20 மில்லி. கருப்பை சுருங்காம ரத்தம் போகுதுன்னு நினைக்கிறேன். மசாஜ் பண்ணிட்டிருக்கோம், ரெண்டாவது லைன் போட்டாச்சு. நீங்க இப்பவே வரணும். வர்றதுக்குள்ள ஆக்ஸிடோசின் எவ்ளோ போடட்டும்? ரத்தம் ரெண்டு யூனிட் கேக்கட்டுமா?'

சொல்லி முடிக்க முக்கால் நிமிடம் ஆகும். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எண்களை ஜோடியாகச் சொல்வதுதான் இதன் உயிர்நாடி. 90/60 என்று தனியாகச் சொன்னால் மெலிந்த உடம்புக்கு அது சகஜம் என்று தோன்றலாம். 110-லிருந்து 90, 84-லிருந்து 124 என்றால் யாருக்கும் தூக்கம் கலையும். கணிப்பைச் சொல்ல அஞ்ச வேண்டாம். 'நினைக்கிறேன்' என்று சொல்வது நோயைத் தீர்மானிப்பது ஆகாது.

போனில் வரும் உத்தரவை எழுதிக்கொண்டே படித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றாகவே கேட்கும். 'ஒன்னு அஞ்சு, பதினஞ்சு மில்லிகிராம், சரியா மேடம்?' என்று இலக்கம் பிரித்துக் கேளுங்கள். இன்னொரு செவிலியரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுவது நல்லது. நேரம், சொன்னவர், எழுதியவர் மூன்றையும் பதிந்து, மருத்துவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள்.

பதில் மழுப்பலாக இருந்தால் ஒரு முறை திரும்பச் சொல்லுங்கள்: 'மேடம், எனக்குப் பயமா இருக்கு. இது பாதுகாப்பா தெரியல. நீங்க நேர்ல பாக்கணும்.' அப்படியும் வரவில்லை என்றால் ஐந்து நிமிடம் காத்திருந்து அடுத்த மூத்தவரை அழையுங்கள். அழைத்த நேரத்தை எழுதுங்கள். இதை மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தாயின் உயிருக்குக் கொடுக்கும் மரியாதை முதலில் வரட்டும்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போதும் இதே நான்கு துண்டுதான். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 108 வண்டி கிளம்பும் முன்பே அங்கே போனில் சொல்லிவிடுங்கள். எத்தனை குப்பி விஷமுறிவு ஏறியது, கடைசி அட்ரோபின் எத்தனை மணிக்கு என்பது தாளில் இருக்க வேண்டும். உறவினரிடம் 'இங்க ஒன்னும் பண்ண முடியாது' என்று சொல்லாதீர்கள். 'முதல் மருந்து குடுத்தாச்சு. மூச்சுக்குழாய் வச்சுப் பாக்குற வசதி அங்க இருக்கு, அதுக்காக அனுப்புறோம்' என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், அவர்களுக்கும் தெம்பு வரும்.

ஐந்தாம் படி: டியூட்டி மாற்றும்போது

மேசையில் உட்கார்ந்து ஒப்படைக்காதீர்கள். படுக்கை படுக்கையாகப் போங்கள். ஓடும் ட்ரிப்ஸில் எவ்வளவு மீதி, சிறுநீர் அளவு, வராத ரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவர் செய்வதாகச் சொல்லிச் செய்யாமல் விட்டது ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து ஒப்படையுங்கள். எப்போதும் விட்டுப்போவது ஒன்று: குடும்பத்துக்கு எதுவரை சொல்லப்பட்டிருக்கிறது என்பது. புற்றுநோய் என்று நோயாளிக்கே தெரியாதபோது அடுத்து வந்தவர் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

ஆறாம் படி: கோபத்தோடு கூட்டம் வந்தால்

ஒருவரை மட்டும் பேச அழையுங்கள். நடைபாதையில் இல்லாமல் ஓரமாக. கதவு உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அவர் சொல்வதை முதலில் முழுதாகக் கேட்டு, 'ரெண்டு மணி நேரமா யாரும் வந்து சொல்லலங்கறதுதானே உங்க வருத்தம்?' என்று திரும்பச் சொல்லுங்கள். செய்யக் கூடியதற்கு நேரம் குறித்து வாக்குக் கொடுங்கள், அந்த நேரத்தில் போய் நில்லுங்கள். கை ஓங்கினால் பேச்சு முடிந்தது. விலகி, பாதுகாவலரையும் காவல்துறையையும் அழைக்க வேண்டும். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறைக்குத் தமிழ்நாட்டில் 2008-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

மரணத்தை மருத்துவர் அறிவிப்பார். நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள். 'போயிட்டாரு' என்ற சொல்லைத் தவிருங்கள். வேறு வார்டுக்கா என்று கேட்டவர்கள் உண்டு. 'தவறிட்டாரு' மென்மையானது, தெளிவானதும்கூட. பிறகு பேசாதீர்கள். உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்று கடைசி நேரத்தில் கூட்டிப்போகக் கேட்கும் குடும்பங்கள் இங்கே பல. அதைப் படிப்பறிவின்மை என்று எண்ணாமல் மருத்துவரோடு உட்கார வையுங்கள். வழியில் என்ன நடக்கலாம், வலிக்கு என்ன கொடுத்தனுப்பலாம் என்பதே அப்போது பேச வேண்டியது.

ஏழாம் படி: வீட்டுக்கு அனுப்பும் நாள்

'புரிஞ்சிதா?' என்ற கேள்வியை உங்கள் வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும். வீட்ல போயி எப்படிப் போடுவீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க' என்று கேளுங்கள். பாரம் உங்கள் மேல் இருப்பதால் அவருக்குக் கூச்சம் இருக்காது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. மில்லிக்கு 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்கவே இறங்காது. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட், ஆளே மயங்கிவிடுவார். மருந்துக் கடையில் எந்த சிரிஞ்சு கையில் வருகிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். எனவே பழைய குப்பியையும் சிரிஞ்சின் மூடியையும் ஒரே பையில் போட்டு, 'கடையில இந்த ரெண்டையும் காட்டித்தான் வாங்கணும்' என்று கொடுங்கள்.

'சாப்பாட்டுக்கு முன்னாடி' என்பதும் போதாது. நடவுக்குப் போகிறவர் விடியலில் வெறும் டீயோடு கிளம்பி, பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பார். காலை ஏழுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனால் ஒன்பது மணிக்குச் சேற்றிலேயே விழுவார். 'மொதல் சாப்பாடு எத்தனை மணிக்கு, எங்க?' என்று கேட்டு, அதை வைத்து மருத்துவரிடம் நேரத்தை மாற்றி வாங்குங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வேர்த்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இடுப்பில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் முடிந்திருக்கட்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள். பொதுவாக 28 நாள்.

அறுவடை முடிந்ததும் குணமான ஒருவர் ஒரு மரக்கால் நெல்லோடோ வாழைத்தாரோடோ வந்து நிற்பார். பணம் என்றால் கைகூப்பி மறுத்துவிடுங்கள். பழம் என்றால் அவர் முன்னாலேயே வார்டுக்குப் பொதுவாக வைத்து, ஆயாம்மாவிலிருந்து எல்லாருக்கும் பங்கிடச் சொல்லுங்கள். சொந்தக் கைபேசி எண்ணைக் கேட்டால் வார்டு எண்ணை எழுதிக் கொடுத்து, அடுத்த பரிசோதனைத் தேதியை அவர் வாயால் ஒரு முறை சொல்ல வைத்து அனுப்புங்கள்.